முட்டை உடைந்தால் நிறுத்து

அலைவாய் பனி நிலையம், சீரிஸ் குறுங்கோள்
14 பிப்ரவரி 2091, 06:40
வெப்பம் 20. காற்று சரி. மின்கலம் நான்கும் நிறைவு.

வழக்கமான குறிப்பு. துளைப்பான் ஓடுகிறது. தொட்டி முக்கால் நிறைந்திருக்கிறது. மூன்றாம் பம்புக்கு லேசான இருமல், வாஷர் மாற்றினேன், நின்றுவிட்டது.

இதை யார் வாசிக்கப்போகிறீர்களோ தெரியாது. குறிப்பை நிலையக் கணினியில் எழுதாமல் தனி மின்பலகையில்தான் எழுத வேண்டும் என்பது கம்பெனி விதி. நிலையம் போனாலும் குறிப்பு நிற்க வேண்டுமாம். நிலையம் போனால் நானும் போயிருப்பேன் என்பதை விதி எழுதியவர் நாகரிகமாக விட்டுவிட்டார்.

பெயர் ஞானதிரவியம். ஞானமும் வரவில்லை, திரவியமும் வரவில்லை, பெயர் மட்டும் வந்து சேர்ந்தது. ஐ.டி.ஐ. ஃபிட்டர். தூத்துக்குடியில் விசைப்படகு இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தவன். இங்கே ஒற்றை ஆள். ஆனால் நிலையத்தை நடத்துவது நான் இல்லை, கொண்டல் என்கிற மென்பொருள். காற்று, சூடு, தண்ணீர், ஆன்டெனா எல்லாம் அதன் பொறுப்பு. அதற்குக் கை கிடையாது. அந்தக் குறைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

கொண்டலை எழுதியது என் மகள் ஜெபக்கனி. எங்கள் கடற்கரைக் காற்றின் பெயரையே அதற்கு வைத்தாள். அன்று எனக்குப் பெருமை. இன்று வேறு.

நாலு நாளைக்கு ஒரு முறை பூமியோடு நாற்பது நிமிஷம் தொடர்பு கிடைக்கும். அதில் முதல் கேள்வி எப்போதும், "கொண்டல் எப்படி இருக்குப்பா?" அதற்குப் பிறகு கொண்டல் தன் சரித்திரம் முழுவதையும் அவளுக்கு அனுப்பும். எங்கே தடுமாறியது, எதைக் கண்டு பயந்தது, எந்த வால்வு திட்டியது என்று நாற்பதில் முப்பத்தெட்டு நிமிஷம் அது பேசும். மிச்சத்தில் என் கடிதம் போகும். அதனால் என் கடிதம் எப்போதும் ஒரே கடிதம்தான்: "நல்லா இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

அது பேசுகிற அழகையும் எழுதிவிடுகிறேன். திரையில் இன்று காலை: "மூணாம் பம்பு இருமுது. எண்ணெய் விடாதீங்க, வாஷரைப் பாருங்க." வார்த்தை அத்தனையும் கனியின் வார்த்தை. கோளாறு கண்டுபிடிக்க வசதியாக அவளே எழுதி வைத்த வரிகள். என் மகளின் குரலில் ஒரு இரும்புப் பெட்டி எனக்கு வேலை ஏவுகிறது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வரைக்கும் அவள் என்னிடம்தான் கேட்பாள். அதற்கப்புறம் எனக்கு பென்சில் சீவுகிற உத்தியோகம். இப்போது அதுவும் போயிற்று.

14 பிப்ரவரி, 19:05
வெப்பம் 20.

தொடர்பு முடிந்தது. கனியின் ஒலிச்செய்தி:

"அப்பா, கவனமா கேளுங்க. வடக்குப் பள்ளத்துல பக்கத்து நிலையம் இருக்குல்லா, அதோட கம்ப்யூட்டருக்குள்ள யாரோ வெளியிலேர்ந்து புகுந்துட்டாங்க. கோளாறு பாக்குறதுக்குத் திறந்து வச்சிருந்த வழியாவே வந்து, காத்து வால்வைப் பிடிச்சு வச்சுக்கிட்டு பேரம் பேசியிருக்காங்க. பாவம், அங்க இருந்த ரெண்டு பேரு ஒரு பகல் முழுக்க முகமூடியோட இருந்திருக்காங்க. நம்ம கொண்டலும் அப்படித்தான் வாய் ஓயாம பேசிக்கிட்டு, கதவைத் திறந்து போட்டுக்கிட்டு இருக்கு. இனி பூட்டணும். புதுசா எழுதி அனுப்பியிருக்கேன், அங்க உள்ள பில்டு மெஷின்ல கம்பைல் பண்ணி, அதுல வர்ற பில்டைக் கொண்டல்ல ஏத்துங்க. மூணு கேள்வி கேக்கும். ஒண்ணு, காவல் போடவா? ஆமா. ரெண்டு, கொண்டலுக்குள்ள உள்ள அறைகளைக் கலைச்சு அடுக்கவா? ஆமா, திருடன் வந்தா எது எங்க இருக்குன்னு தெரியாம முழிக்கட்டும். மூணு, மேப் எடுத்துத் தனியா வைக்கவா? அதுக்கும் ஆமா. மறந்துறாதீங்க. கொண்டலோட வாயை அடைச்சிருதேன். இனி விழுந்தா ஒரு எண்ணை மட்டும் சொல்லும். அந்த எண் எந்த அறைன்னு எனக்குத் தெரியணும்னா மேப் வேணும். அடுத்த தொடர்புல மேப்பை அனுப்பிருங்க. பெரிய ஃபைல், நாப்பது நிமிஷமும் பிடிக்கும். ஒரே ஒரு தடவை, உங்க கடிதத்தை அடுத்ததுல வச்சுக்கலாம். சரியா? கொண்டலை நல்லா பாத்துக்கோங்கப்பா."

பின்னால் என் மனைவி லூர்துவின் குரல்: "ஏட்டி, ஒங்கப்பா எப்படி இருக்காருன்னு கேக்கவே இல்லையே."

கனி: "அதான் கொண்டல் சொல்லுமேம்மா."

இந்தக் கடைசி வரியை நாலு தடவை ஓடவிட்டுக் கேட்டேன்.

16 பிப்ரவரி, 10:20
வெப்பம் 20. மின்கலம் நான்கும் நிறைவு.

கம்பைல் செய்தேன். மூன்று கேள்வி வந்தது.

காவல் போடவா? ஆம்.

அறைகளைக் கலைக்கவா? ஆம்.

மேப் எடுத்து வைக்கவா?

இந்த இடத்தில் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்தேன். ரெண்டு நிமிஷம் எனக்கு, முப்பத்தெட்டு அதற்கு என்று இத்தனை நாள் இருந்தேன். இப்போது அந்த ரெண்டும் அதற்கேவா? வாய் அடைத்த பிறகும் அதன் வரைபடத்துக்கு நாற்பது நிமிஷமா? கோளாறு வந்தால்தானே மேப். கொண்டலுக்குக் கோளாறு வராது, என் மகள் எழுதியது. (மகளைப் பாராட்டுகிற மாதிரி மனசு எப்படி வாதாடுகிறது பாருங்கள். வக்கீல் படித்திருக்கலாம்.)

இல்லை என்று அழுத்தினேன்.

புதிய கொண்டல் ஓடுகிறது. திரை சுத்தமாக இருக்கிறது. எந்தப் பம்பும் இருமுவதாகத் தகவல் இல்லை. நிலையத்தில் முதல்முறையாக நான் மட்டும் இருக்கிறேன்.

17 பிப்ரவரி, 15:30
வெப்பம் 20.

கடிதம் எழுதினேன். நாளைக்கு நாற்பது நிமிஷமும் எனக்கு. எழுத எழுத வந்துகொண்டே இருக்கிறது, எனக்கே ஆச்சரியம். இங்கே சூரியன் ஒரு பொத்தான் அளவுக்குத் தெரிவது, பனித்தூசி மேலே எழும்பித் திரும்ப விழ மறந்த மாதிரி மெதுவாக இறங்குவது, வெளியறையில் மறந்து வைத்த சாம்பார் உறைந்து அதைச் சுத்தியலால் உடைத்துச் சாப்பிட்டது, எல்லாம் எழுதினேன். அவளுடைய கல்யாணப் பேச்சைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை. அவ்வளவு வார்த்தையும் இத்தனை காலம் எங்கே கிடந்ததோ.

தபாலில் சேர்த்துவிட்டேன். தொடர்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொண்டல் அதை எடுத்துப் பொட்டலம் கட்டும். கட்டட்டும். ஒரு தடவையாவது அது எனக்கு எடுபிடியாக இருக்கட்டும்.

18 பிப்ரவரி, 20:15
வெப்பம் 13. மின்கலம் மூன்று.

கொண்டல் நின்றுவிட்டது.

மாலை ஐந்துக்கு விசிறிச் சத்தம் திடீரென்று அற்றது. படகில் நடுக்கடலில் இன்ஜின் நின்றால் அலைச் சத்தமாவது கேட்கும். இங்கே ஒன்றும் இல்லை, என் காதுக்குள் ஓடுகிற ரத்தம்தான் கேட்டது. திரையில் இவ்வளவுதான்:

"காவல் உடைந்தது. நிறுத்தம். 4077131."

பழைய கொண்டலாக இருந்தால் எங்கே விழுந்தேன், எது இடித்தது, எந்தக் கல்லில் கால் தடுக்கியது என்று ஒப்பாரியே வைத்திருக்கும். இது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. வாயை மூடச் சொன்னது நாங்கள்தானே.

கையால் கிளப்பினேன். ஒரு முறை கிளப்ப ஒரு மின்கலம் முழுசாகத் தின்கிறது. அது சூடேறி எழுந்திருப்பதற்குள் மூன்று வெந்நீர்க் குழாய்களில் ஒன்று உறைந்து வெடித்துவிட்டது. தொடர்பில் கடைசி மூன்று நிமிஷம் மிச்சம் இருந்தது. அவசரத்தில் இதை மட்டும் அனுப்பினேன்: "கொண்டல் நின்னு போச்சு. எண் 4077131. திரும்பக் கிளப்பிட்டேன். ஏன்னு சொல்லு."

என் பெரிய கடிதத்தைக் காணோம். விழுந்தபோது கொண்டல் அதையும் தொலைத்துவிட்டது. இதிலும் அது என்னிடம் வேலையைக் காட்டிவிட்டது.

21 பிப்ரவரி, 11:00
வெப்பம் 14.

கனி மேப் கேட்பாள். என்ன சொல்வது? அனுப்புகிறபோது கெட்டுப்போயிற்று என்று சொல்லலாம். பலகை விழுந்துவிட்டது என்று சொல்லலாம். பொய்யில் எனக்கு ஐ.டி.ஐ. அளவுக்குக்கூடப் படிப்பு இல்லை.

உண்மையையே எழுதிவிட்டேன். நீளமாகப் போய்விட்டது. மூன்றாம் கேள்விக்கு ஏன் இல்லை என்று அழுத்தினேன் என்று தொடங்கி, ஒரு மெஷினோடு போட்டி போடுகிற தகப்பனை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா என்பது வரைக்கும். இடையில் சிரிப்புக்கு நாலு வரி, அழுகைக்கு ரெண்டு வரி. தபாலில் சேர்த்தாயிற்று.

22 பிப்ரவரி, 21:40
வெப்பம் 8. மின்கலம் இரண்டு.

மறுபடியும். அதே ஐந்து மணி. அதே எண், 4077131.

இரண்டாவது குழாயும் போயிற்று. ஒரே குழாயில்தான் இப்போது நிலையம் முழுவதும் மூச்சு விடுகிறது. துளைப்பான் அறைக்கு மட்டும் தனிக் கொதிகலன் இருக்கிறது, அங்கே ஜம்மென்று இருபத்திரண்டு. அந்தச் சூட்டை இந்தப் பக்கம் திருப்பலாம். ஆனால் அந்த வால்வுக்குப் பூட்டு கம்பெனி கையில். கேட்டிருக்கிறேன். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. இரும்புக்கு ஜலதோஷம் பிடிக்கக் கூடாது அல்லவா.

கிளப்பிய பிறகு கனியின் செய்தி வந்து கிடந்தது:

"அப்பா, எண் வந்துச்சு. மேப் எங்கப்பா? மேப் இல்லாம இந்த எண்ணை வச்சு நான் நாக்குகூட வழிக்க முடியாது. ஒவ்வொரு பில்டுலயும் அறை வேற வேற இடத்துல உக்காந்திருக்கும், அதானே கலைச்சு அடுக்குறதுங்கறது. உங்க பில்டு மெஷின் பழசு, அது மாதிரி இங்க ஒண்ணுகூட இல்ல. அதனால மேப்பை நீங்கதான் அனுப்பணும். அனுப்புங்கப்பா, ப்ளீஸ்."

என் பாவமன்னிப்புக் கடிதத்தையும் கொண்டல் விழுந்தபோது விழுங்கிவிட்டது. மறுபடி எழுத நேரம் இல்லை. நாலு வார்த்தையில் முடித்தேன்: "மேப் எடுக்கலை. நான்தான் வேண்டாம்னு அழுத்தினேன்."

முழுக் கடிதத்தில் இல்லாத பிழை இந்த ஒரு வரியில் வந்து, ரெண்டு தடவை அழித்து எழுதினேன். குளிரில் என்று வைத்துக்கொள்கிறேன்.

23 பிப்ரவரி, 18:50
வெப்பம் 7. மின்கலம் இரண்டு.

அவசரம் என்று கம்பெனி இனி தினமும் தொடர்பு தருகிறது. செய்தி:

"வேண்டாம்னு அழுத்தினீங்களா? ஏன்? நான் ரெண்டு தடவை சொன்னேனே."

லூர்து: "ஏன்னு எங்கிட்ட கேளு. அந்த மனுசனுக்கு மெஷின் மேல பொறாமை. நான் வளத்த கிளி என்னை 'லூர்து'ன்னு கூப்பிட்டதுக்கே மூணு நாள் சோறு திங்காம இருந்தவராக்கும். நீ எப்பப் பாத்தாலும் கொண்டல், கொண்டல்னா?"

அப்புறம் கனி:

"அப்படியாப்பா?"

பிறகு வேலைக் குரல். அவளுக்கு அழுகை வந்தால் வேலைக் குரல்தான் வரும், எனக்குத் தெரியும்.

"சரி. ஒரு வழி இருக்கு. கொண்டலோட முதல் திரையில பில்டு முத்திரைன்னு நீளமா ஒண்ணு இருக்கும். அறையைக் கலைக்கும்போது அதை வச்சுத்தான் கலைக்கும். அதே முத்திரையைக் குடுத்து மறுபடி கம்பைல் பண்ணுனா அச்சு அசலா அதே மாதிரி அடுக்கும். இந்தத் தடவை மேப்புக்கு ஆமான்னு சொல்லுங்க. புது பில்டைக் கொண்டல்ல ஏத்த வேண்டாம், கிளப்பவும் வேண்டாம், எனக்கு மேப் மட்டும் போதும். நாளைக்கு நாப்பது நிமிஷமும் மேப்புதான். நீங்க ஒரு எழுத்துகூட எழுதாதீங்கப்பா."

இன்னொரு வழி எனக்கே தோன்றியது. பழைய பில்டு கையில் இருக்கிறது. அதைப் போட்டால் கொண்டல் வாய் திறந்து, எங்கே வலிக்கிறது என்று தானே சொல்லிவிடும். அலமாரியிலிருந்து எடுத்தும்விட்டேன். ஆனால் ஆன்டெனா வழியாகக் கொண்டலுக்குள் வருகிற வெளிக்கதவின் பதிவைப் பார்த்தபோது நேற்றிலிருந்து யாரோ தட்டிய தடம் வரிசையாக இருக்கிறது. கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்ப வைத்துவிட்டேன்.

பூட்டு வேண்டும். சாவி வீட்டில் இருக்க வேண்டும். நான் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைக் கடலில் எறிந்தவன்.

24 பிப்ரவரி, 18:35
வெப்பம் 6.

மேப் போகிறது. நாற்பது நிமிஷமும். நான் வாயைத் திறக்கவில்லை.

போகிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் மேப்பைத் திறந்தேன். எண்ணும் பெயரும், எண்ணும் பெயருமாக ஆயிரக்கணக்கில் வரிசை. கொண்டலுக்குள் இருக்கிற ஒவ்வொரு அறைக்கும் அவள் வைத்த பெயர். பூட்டிய பில்டில் இவை அழிந்து எண் மட்டும் நிற்கும், மேப்பில்தான் பெயர் இருக்கும். எட்டிப் பார்த்தேன். இரும்புப் பயலை எப்படியெல்லாம் கொஞ்சியிருக்கிறாள் என்று பார்க்க ஒரு வயிற்றெரிச்சல், வேறென்ன.

`அப்பா_தூங்குறாரு_விசிறி_மெல்ல`
`அப்பா_முட்டிவலி_ஏணி_விளக்கு_போடு`
`அப்பா_காபி_நேரம்_அலாரம்_வேண்டாம்`
`அப்பா_பாடுறாரு_மைக்_அணை`

கடைசியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சிரித்தால் வாயிலிருந்து புகை வருகிறது.

கீழே போகப் போக அப்பாதான். பம்புக்குப் பெயர் இல்லை, வால்வுக்குப் பெயர் இல்லை, அவை வெறும் எண்ணுள்ள பம்பு, எண்ணுள்ள வால்வு. பெயர் வைத்த அறைகள் எல்லாம் என்னைப் பற்றி. இரண்டு வருஷமாக முப்பத்தெட்டு நிமிஷம் அது அவளிடம் என்ன பேசியது என்று இப்போது விளங்குகிறது. அவள் கேட்டது அதன் நலம் இல்லை.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. இப்போது வேறு மாதிரி. நான் தூங்குவதும் என் முட்டிவலியும் இதற்குத் தெரிந்திருக்கிறது. அவளுடைய தூக்கத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவளைப் பார்த்துக்கொள்ள எனக்கு ஒரு கொண்டல் இல்லையே.

25 பிப்ரவரி, 14:10
வெப்பம் 5.

இன்னொரு தடவை நின்றால் கடைசிக் குழாயும் போகும். அதனால் ஒரு கடிதம் எழுதினேன். என்ன கடிதம் என்று சொல்ல வேண்டியதில்லை. லூர்துவுக்கு ஒரு பத்தி. மிச்சம் எல்லாம் கனிக்கு. முதலில் தொலைந்தது, இரண்டாவது தொலைந்தது, மூன்றாவதாவது போய்ச் சேரட்டும். தபாலில் சேர்த்தேன்.

25 பிப்ரவரி, 17:20
வெப்பம் 5. மின்கலம் இரண்டு.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

16:52க்கு மணி அடித்தது. தொடர்பு நேரத்துக்கு முன்னாலேயே கனியின் அவசர ஒலி:

"அப்பா! கண்டுபிடிச்சுட்டேன்! அந்த எண் `அப்பா_கடிதப்_பெட்டி`. உங்க கடிதத்தை வாங்கி வைக்கிற பெட்டிப்பா. அதை நான் சின்னதா செஞ்சுட்டேன். நீங்க எப்பவும் ரெண்டு வரிதானே எழுதுவீங்க. அது எவ்வளவு நீளம் வந்துறப்போகுதுன்னு, அதைவிடப் பத்து மடங்கு வச்சேன், போதும்னு. நீளத்தை அளந்துகூடப் பாக்கலை. என் தப்புதான். நீங்க இவ்வளவு பேசுவீங்கன்னு நான் நினைக்கவே இல்லப்பா..."

மூக்கை உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தாள்.

"பெட்டி நிறைஞ்சு வழிஞ்சா அடுத்த அறை மேல எழுதும். அடுத்த அறை காத்து வால்வு. அதனாலதான் ரெண்டுக்கும் நடுவுல காவல்னு ஒரு முட்டை வச்சேன். முட்டை உடைஞ்சா அந்த நொடியே நிறுத்து. அது நிறுத்தலைன்னா உங்க கடிதத்தோட வால் போயி வால்வைத் திறந்திருக்கும், காத்தெல்லாம் வெளிய போயிருக்கும், உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. நின்னதாலதான் இருக்கீங்க. திருத்தி வச்சிருக்கேன், ஆனா அதைப் போடணும்னா நிறுத்திக் கிளப்பணும், குழாய் தாங்காது. மார்ச் இருபதாந்தேதி கப்பல் வரும், அதுவரைக்கும் தொடவேண்டாம். நீளமா மட்டும் எழுதாதீங்க. தபால்ல ஏதாவது இருந்தா இப்பவே எடுங்க! இப்பவேப்பா!"

கடிகாரம் 16:57. ஐந்து மணிக்குக் கொண்டல் கடிதத்தை எடுக்கும்.

தபாலைத் திறந்தேன். விரல் மரத்து மூன்று தடவை தப்பான இடத்தில் பட்டது. பலகையில் நகல் எடுக்க நினைத்தேன், நேரம் இல்லை. அழிக்கவா என்று கேட்டது. இந்தப் பாழாய்ப்போன மெஷின்களுக்குக் கேள்வி கேட்பதே தொழில். இந்தத் தடவை ஆம் என்று அழுத்தினேன்.

ஐந்து மணி. விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

தரையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு காலம் எழுதாதவன், எழுதத் தொடங்கியதும் என் சொல்லே என் கழுத்தைப் பிடித்திருக்கிறது. இதை லூர்துவிடம் சொன்னால் இன்னும் பத்து வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

28 பிப்ரவரி, 12:00
வெப்பம் 3.

ஒற்றைக் குழாய். பனி உள்சுவரில் பூத்திருக்கிறது. கொதிகலன் சூடு: "பரிசீலனையில்." துளைப்பான் அறைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தூங்குகிறேன். அதுவும் பூட்டு. கதவு மட்டும் வெதுவெதுப்பு.

கனிக்கு வேலை விஷயம் மட்டும் அனுப்புகிறேன். "குழாய் அழுத்தம் சரி." "பம்பு ஓடுது." பெட்டிக்குள் அடங்குகிற வரிகள். அவள் தினமும் கேட்கிறாள், "நீங்க எப்படி இருக்கீங்க?" அதற்கு மட்டும் பதில் போடவில்லை. நிஜத்தைச் சொன்னால் நீளும்.

3 மார்ச், 16:10
வெப்பம் 0. அல்லது முள் ஒட்டிக்கொண்டது.

கால்விரல் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இருக்கிறது.

இன்றைய ஒலி: "அப்பா, ஒரு வரி. எப்படி இருக்கீங்கன்னு ஒரே ஒரு வரி. நான் ராத்திரி தூங்கலை."

தூங்கவில்லையாம். இது எனக்குத் தெரிந்துவிட்டது. கொண்டலுக்குத் தெரியாது.

3 மார்ச், 17:04

பலகை மங்குகிறது. சுருக்கமாக.

எழுதினேன். பழைய கடிதமே. "நல்லா இருக்கேன். நீ சாப்பிட்டியா?" வேறு எதுவும் அவளைத் தூங்க வைக்காது. பெட்டிக்குள் தாராளமாக அடங்கும். முட்டைக்கு ஒன்றும் ஆகாது.

ஐந்து மணிக்குக் கொண்டல் எடுத்தது.

எடுத்ததும் விசிறி மெதுவானது. நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை.

சுவருக்குள் ஒரு வால்வு திரும்புகிற சத்தம். பெரிய வால்வு. துளைப்பான் பக்கத்து வால்வு. கம்பெனிப் பூட்டு போட்டது. நான் தொடவில்லை.

காலடித் தட்டு சுடுகிறது.

சுடுகிறது.

திரையில் ஒரு எண். 4081902. நிறுத்தம் இல்லை, காவல் உடையவில்லை, எண் மட்டும். கடிதத்துக்கு அடியில் நான் எழுதாத ஒரு வரியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறது. வரி பூட்டியிருக்கிறது, வாசிக்க முடியவில்லை.

மேப்பைத் திறந்து தேடினேன். விரல் வரவில்லை, மூக்கால் தள்ளினேன். கிடைத்தது.

`அப்பா_நல்லாருக்கேன்னு_சொன்னா_நம்பாதே`

கம்பெனிப் பூட்டுக்கும் ஒரு சாவியை அந்த அறைக்குள் செய்து வைத்திருக்கிறாள். கோள்சொல்லிப் பயல். அந்த வரியில் என்ன போட்டிருப்பான் என்று தெரியும். வெப்பம் 0. கால் மரத்தது. கதவில் சாய்ந்து தூங்கியது. அத்தனையும் போய்ச் சொல்லியிருப்பான். இனி அவள் தூங்கவே மாட்டாள்.

தட்டில் ரெண்டு காலையும் வைத்திருக்கிறேன். வலிக்கிறது. வலித்தால் நல்லதுதானே.

கனி, அவன் சொல்வதை எல்லாம் நம்பாதே, என்னை விட அவனை நம்பாதே, நான் நல்லா